ஈ நுழையாத கூண்டு

லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்ட் வீட்டுக்கு அந்த மார்ச் மாதம் யார் போனாலும் எடுத்தவுடன் காபி கிடைக்காது. கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டைக் காட்டுவார். காட்டி முடித்த பிறகுதான் காபி. கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் தப்பவில்லை, வீட்டு ஜெபத்துக்கு வந்த சாமியாரும் தப்பவில்லை.

காட்ட வேண்டிய பொருள்தான், அதில் சந்தேகமில்லை. தொழிற்சாலையில் ஃபிட்டராகவே இருந்து ரிட்டயரான கை சும்மா இருக்குமா? இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, நாலு கால் வைத்துத் தரைக்கு மேல் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் அலுமினியத் தகடு பொருத்தியிருந்தார். ஒரு ஆள் குனிந்து உள்ளே போய் உட்காரலாம். தரையும் தகடுதான், துடைத்தால் முகம் தெரியும். கோழிகள் ராத்திரி ஏறி உட்கார ஒரு ஸ்டீல் குழாய். கதவுக்கு ஸ்பிரிங் வேறு. கையை விட்டால் தானே சாத்திக்கொண்டு, வெளித் தாழ்ப்பாள் ‘டக்’ என்று தானே விழும். விருந்தாளிகள் எட்டிப் பார்ப்பதற்கென்றே கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருந்தார்.

“ஒரு ஈ உள்ள போகட்டும் பாப்போம்,” என்று தகட்டைத் தட்டிக் காட்டுவார். போகாதுதான். பெருச்சாளியோ பூனையோ நகம் நுழைக்கக்கூட இடமில்லை.

ஈ மட்டுமா போகவில்லை? கோழியும் போகவில்லை.

ஹெப்பாளில் பார்த்துப் பார்த்து வாங்கிய கிரிராஜா ஜாதிக் கோழிகள் நான்கு. பகலெல்லாம் கொல்லையைக் கிளறிக்கொண்டு சமர்த்தாகத் திரியும். பொழுது சாய்ந்தால் போதும், ஒன்று கொய்யா மரத்தில் ஏறும், இரண்டு துணி துவைக்கிற கல்லில் ஒண்டும். கறுப்பிக்கு மட்டும் மாடியில் குடியிருக்கும் வீணாவின் ஸ்கூட்டர் சீட்டுதான் கட்டில். ஓஸ்வால்ட் தினமும் துரத்திப் பிடித்து, ஒவ்வொன்றாக உள்ளே திணித்துக் கதவை விடுவார். காலையில் திறந்தால் நான்கும் வாயைப் பிளந்துகொண்டு வெளியே பாயும்.

“ஜெயில்ல தள்ற மாதிரி தள்றீங்களே, பாவம்,” என்றாள் அவர் மனைவி ஜூலியா.

“புது வீடு. பழகணும் இல்ல?”

“ஒரு மாசமா பழகுதா? இங்க பாருங்க, வீணா சீட்டத் தொடச்சுத் தொடச்சு அலுத்துப் போயிட்டா. நேத்து என் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டா. ஞாயித்துக்கிழமை என் தம்பி வர்றான். அன்னிக்கு சாயங்காலம் நாலும் தானா உள்ள போச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா அவன் வண்டியில ஏத்தி அனுப்பிடுவேன்.”

ஜூலியாவின் தம்பி ஃபிராங்க்ளினுக்கு ஹொசகோட்டையில் கோழிப் பண்ணை. “மாமா, நீங்க கட்டினது கூண்டு இல்ல, பீரோ,” என்று போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனிலேயே சிரித்தவன். கோழிகளை வேறு யாருக்குக் கொடுத்தாலும் ஓஸ்வால்ட் மனதைத் தேற்றிக்கொள்வார். அவன் கையில் கொடுப்பதைவிட அவர் உயிரே போகலாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஜூலியா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். மறுநாள் மச்சான் வருவதற்குள் குழாய்க்குப் பாலிஷ் போட்டுவிடலாம் என்று, கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ஓஸ்வால்ட் கூண்டுக்குள் தவழ்ந்தார். உடம்பைத் திருப்பும்போது அவர் காலே செங்கல்லைத் தள்ளிவிட்டது. கதவு வந்தது. டக்.

முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன அழகாக விழுகிறது தாழ்ப்பாள்!

அப்புறம்தான் தள்ளிப் பார்த்தார். தோளால் இடித்தார். அசையவில்லை. அசையுமா, யார் செய்த வேலை அது? விரலை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கலாம் என்றால் விரல் போக இடுக்கில்லை. போன் துவைக்கிற கல்மேல் கிடந்தது.

வெயிலில் தகடு காய்ந்துகொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அன்று காலைதான் கழுவிவிட்டிருந்தார், ஆனாலும் எச்ச நாற்றம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று கண்ணை எரித்தது. இப்படியா? தினமும் ராத்திரி இப்படியேவா? குழாயைப் பிடித்து நிமிரப் பார்த்தார், வியர்வைக் கை வழுக்கியது. கையே வழுக்குகிற இடத்தில் கோழி எப்படித் தூங்கும்? கதவுக் கண்ணாடியில் நிழலாடியது. கறுப்பி கதவோரத்துக் குப்பைத்தொட்டி மேல் ஏறி நின்று, தலையை ஒருபக்கம் சாய்த்து அவரைப் பார்த்தது. ஓஸ்வால்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சாரிடி,” என்றார்.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்த ஒரே ஆள் வீணா. ஸ்கூட்டர் தகராறுக்குப் பிறகு அவளோடு பேச்சே இல்லை. மானமா மூச்சா என்று கொஞ்ச நேரம் தவித்தார். மூச்சுதான் ஜெயித்தது. தகட்டை இரண்டு கையாலும் அடித்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் தூக்கப்பட்டது.

“ஏனாய்த்து அங்கிள், என்ன ஆச்சு? உள்ள என்ன பண்றீங்க?” என்ற வீணா, முகத்தில் அடித்த சூட்டில் பின்வாங்கினாள். “அய்யோ! இதுக்குள்ள காத்தே இல்லையே!”

ஓஸ்வால்ட் தவழ்ந்து வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அவள் கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“ஜூலியா கிட்ட சொல்லாதம்மா.”

“சொல்ல மாட்டேன். என் சீட்டு?”

“நாளைக்கு சாயங்காலத்துலேர்ந்து ஒரு கோழி அதுல ஏறாது. நான் பொறுப்பு.”

அன்று பொழுது சாய்வதற்குள் கட்டரை எடுத்தார். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகக் கோடு கிழித்துவிட்டு, பிளேடை வைக்க மனசு வராமல் நின்றார். அவ்வளவு அழகான தகடு. பிறகு கண்ணாடியில் தெரிந்த கறுப்பியின் முகம் ஞாபகம் வந்தது, பட்டனை அழுத்திவிட்டார். வெட்டிய இடத்தில் பெருச்சாளி பல் நுழையாத பொடிக்கண் வெல்டு மெஷ் கம்பிவலையை வைத்துத் திருகினார். ஸ்டீல் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொய்யாக் கிளை ஒன்றைச் சீவிப் பொருத்தினார். ஞாயிறு பூசை முடிந்ததும் மரக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினார். தினமும் கிளறிவிட வேண்டும், நனைந்ததை அள்ளி மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவு ஸ்பிரிங்கும் போயிற்று. தாழ்ப்பாளை உள்பக்கமிருந்தும் தூக்குகிற மாதிரி ஒரு கம்பி வைத்தார். கோழிக்கு அது எதற்கு என்று ஜூலியா கேட்டபோது, குனிந்து மரத்தூளைக் கிளற ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஃபிராங்க்ளின் காலிக் கூடையோடு வந்தான். ஜூலியா வாசற்படியில் நின்றாள். வீணா மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். ஓஸ்வால்ட் கதவைத் திறந்துவைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். யாரையும் துரத்தவில்லை.

வெளிச்சம் மங்கியது. பழக்க தோஷத்தில் ஒரு கோழி கொய்யா மரத்தடிக்குப் போயிற்று, மேலே பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பி வந்து கூண்டு வாசலில் நின்று மரத்தூளைக் கிளறிப் பார்த்தது. உள்ளே போயிற்று. அதன் பின்னாலேயே இரண்டு. கறுப்பி மட்டும் ஸ்கூட்டர் சீட்டில் ஏறிவிட்டது. ஃபிராங்க்ளின் கூடையைத் தூக்கினான். ஓஸ்வால்ட் மூச்சு விடவில்லை.

உள்ளே மற்றவை கிளையில் நகர்ந்து இடம் பிடிக்கும் சத்தம் கேட்டது. கறுப்பி காது கொடுத்துக் கேட்டது, தொப்பென்று குதித்தது, அவர் காலடி வழியாக நடந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கூண்டுக்குள் ஏறியது.

மாடியிலிருந்து வீணா கை தட்டினாள். ஓஸ்வால்ட் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டார்.

ஃபிராங்க்ளின் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மெஷ்ஷைத் தொட்டுப் பார்த்தான். “ஓட்டை கரெக்டான எடத்துல வெச்சிருக்கீங்க மாமா. கோழி மேல நேரா காத்து அடிக்காது, சூடு மட்டும் வெளிய போயிடும். எங்க பண்ணையில இவ்வளவு சரியா இல்ல. யாரு சொல்லிக் குடுத்தா?”

ஓஸ்வால்ட் மாடியைப் பார்த்தார். வீணா உதட்டைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தாள். பிசகாமல் வாக்கைக் காப்பாற்றுகிறாள். ஆனால் இவருக்குத்தான் இவ்வளவு நல்ல விஷயத்தை மூடிவைக்க மனசு வரவில்லை.

“யாரும் சொல்லிக் குடுக்கல. ஊர்ல கூண்டு கட்றவன் ஆயிரம் பேரு இருப்பான் ஃபிராங்க்ளின். உள்ள மாட்டிக்கிட்டு, வெந்து, கோழியாவே இருந்து பாத்துட்டுக் கட்டினவன் நான் ஒருத்தன்தான்.”

ஜூலியா அந்த உள்கம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஓஸ்வால்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. “வா, முதல்லேர்ந்து காட்றேன்,” என்று மச்சான் கையைப் பிடித்தார்.