ஒரே சீரான சாம்பல்

எங்கள் ஊருக்கு ஒதுக்கப்படும் மேகம் வெள்ளையாகத்தான் வரும். சாம்பல் நிறம் பூசினால்தான் பெய்யும். வருடத்துக்கு ஒரு மேகம்.

பூசும் வேலையைப் பதினாறு வருடங்களாகச் சுவர் பெயின்டர் சுயம்புலிங்கம் பார்த்துவந்தார். நாலு இஞ்ச் பிரஷ்ஷால் பூசுவார். பிரஷ் ஓடிய தடம் மேகத்தில் கோடுகோடாகத் தெரியும். மழையும் கோடுகோடாகத்தான் பெய்யும். போன வருடம் தபால் நிலையத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடுத்த தெருவில் புழுதி பறந்தது. மிளகாய்க் காடுகள் முழுக்கக் காய்ந்த கோட்டில் அகப்பட்டுக்கொண்டன.

இந்த வருடம் மழை எழுத்தர் திருமேனி என் வீட்டுக்கு வந்தார். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பொழுதுபோக்காகச் சின்ன பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, ஏர்பிரஷ்ஷால் வண்ணமடிப்பேன். பேனா அளவுக் கருவி. பெயின்ட் காற்றோடு கலந்து புகைபோல வெளியே வரும்.

திருமேனி ஒரு விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கோடுகூட இல்லையே டீச்சர். மேகத்தையும் நீங்களே அடிச்சுக் குடுங்க."

"சுயம்பு அண்ணாச்சி வருத்தப்படுவாரே."

"அவர்தான் என்னை அனுப்பினார். அவர் தங்கச்சி மிளகாயும்தானே கருகிப்போச்சு."

மறுநாள் காலை மேகத்தை என் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து, நான்கு கொடிக்கயிறுகளால் கட்டினார்கள். ஒரு மூலையைச் சுயம்புலிங்கமே பிடித்துக்கொண்டார்.

முதலில் அவசரப்பட்டு, பாட்டிலில் இருந்த அக்ரிலிக் பெயின்ட்டை அப்படியே ஏர்பிரஷ்ஷின் கிண்ணத்தில் ஊற்றினேன். ஏர்பிரஷ் அடைத்து, இருமி, பொட்டுப்பொட்டாகத் துப்பியது. பக்கத்து வீட்டு முற்றத்தில் மூன்று ஆலங்கட்டிகள் விழுந்தன. பிறகு தண்ணீரை அதிகமாகக் கலந்துவிட்டேன். பெயின்ட் சிலந்திக்கால் போல வழிந்தது. வழிந்த இடத்துக்குக் கீழே மட்டும் தூறியது.

"மேகம் ஒண்ணுதான் இருக்கு டீச்சர்" என்றார் சுயம்புலிங்கம்.

நிறுத்தினேன். கெட்டுப்போன இடங்களை ஈரத்துணியால் துடைத்தேன். பழைய விடைத்தாள்களில் அடித்துப் பார்த்தேன். பெயின்ட்டை இளக்கும் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்தேன். நைலான் சாக்ஸில் வடிகட்டினேன். எங்கள் ஊர் வெயிலுக்குப் பெயின்ட் ஏர்பிரஷ்ஷின் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும்; சீக்கிரம் காயாமலிருக்க ஒரு திரவம் உண்டு, அதில் இரண்டு சொட்டுச் சேர்த்தேன். காற்றழுத்தத்தைக் குறைத்தேன். முதலில் காற்று, அப்புறம் பெயின்ட். முடிக்கும்போது பெயின்ட்டை முதலில் நிறுத்திவிட்டுக் காற்று. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு அடுத்தது.

இந்தத் தடவை பெயின்ட் கோபித்துக்கொள்ளாமல் புகையாக இறங்கியது.

ஐந்தாம் நாள் சுயம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு மேகத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டினார்.

"தடமே தட்டுப்படல டீச்சர்" என்றார். அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி முனையை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். என்னைவிட மென்மையாகத் துடைத்தார்.

ஒன்பதாம் நாள் கயிறுகளை அவிழ்த்தோம். மேகம் ஊரின் நடுவுக்குப் போய் நின்றது. பதினேழு தெருக்களிலும் ஒரே நொடியில் மழை இறங்கியது. திருமேனி தெருவுக்கு ஒரு டம்ளர் வைத்திருந்தார். மழை விட்டதும் பதினேழு டம்ளர்களையும் வரிசையாக வைத்து அளந்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அதை மைக்கில் அறிவித்தார். சுயம்புலிங்கத்தின் தங்கை மிளகாய்க் காட்டிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்து, என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். என் நகக்கண்களில் இன்னும் சாம்பல் நிறம் இருந்தது. நான் கர்வமில்லாதவள் என்று சொல்லிக்கொள்வதுண்டு. அன்று சொல்லவில்லை.

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் தங்கள் ஊரின் அடுத்த வெள்ளிக்கிழமையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஓரங்களில் நிறம் போயிருந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு டீச்சர்" என்றார்கள்.

வாங்கி, வெயில் படாமல் கட்டிலுக்கடியில் வைத்தேன்.