ஏழரைக்கு இன்னொரு டிரம்மர்

எங்கள் புரோகிரசிவ் ராக் குழுவின் பெயர் ஏழரை. வைத்ததும் நான்தான். சனியனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறாய் என்று அம்மா இன்றும் திட்டுகிறார். என் கீபோர்டை நம்பித்தான் குழுவே நடக்கிறது என்று ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

முதல் டிரம்மர் வல்லரசு போனான். அடுத்து எழில். இரண்டு கிதார்காரர்கள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார்கள். அந்தப் பழி என்னைச் சேராது. மிச்சம் நானும், பேஸ் கிதாரோடு பதிவு வேலையையும் பார்க்கும் கீர்த்தனாவும், எட்டு மாதம் முன்பு வந்த டிரம்மர் அஜிதனும்.

எங்கள் பெரிய பாட்டு பதினெட்டு நிமிடம். வல்லரசோடு ஒரு முறை, எழிலோடு ஒரு முறை பதிவு செய்து தூக்கிப் போட்டாயிற்று. நடுவில் ஏழு தட்டுப் பகுதி ஒன்று வரும், நான் தனியாக வாசிக்கும் இடம். அங்கே வந்ததும் டிரம்மர்களுக்குக் கால் தரையில் நிற்காது. இரண்டு பேரும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடினார்கள். போன ஞாயிறு அஜிதனும் ஓடினான்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வடிந்த மறுநாள் மதியம், வேங்கிக்காலில் கீர்த்தனா வீட்டு மாடியில் கூடினோம். இவனையும் அனுப்பிவிட்டால் இந்த ஊரில் நான்காவது டிரம்மருக்கு எங்கே போவது? அனுப்பாவிட்டால் பாட்டு எப்போது வெளிவரும்? அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை. கவலை வந்தால் எனக்குக் குரல்தான் முதலில் ஏறும்.

"அஜிதா, கடைசியா ஒருவாட்டி காட்டறேன், நல்லா கேட்டுக்கோ," என்றேன். "கீர்த்தி, நான் வூட்ல தனியா வாசிச்சு அனுப்புனேன்ல, அதப் போடு. டிரம்ஸ் இல்லாம சுத்தமா இருக்கும்."

கீர்த்தனா போட்டாள். கூடவே கணினியில், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமையும் ஓடவிட்டாள். முதல் இரண்டு சுற்றும் ஒட்டிப் போயின. மூன்றாவது சுற்றில் என் கீபோர்டு தாளத்தை விட்டு முன்னால் நகர்ந்தது. ஐந்தாவதில் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

"அந்த மெட்ரோனோம் தட்டு சரியா வருதா பாரு," என்றேன்.

"அது மெஷின்க்கா," என்றாள் கீர்த்தனா.

பழியை வேறு யார் மேல் போடுவது? அந்தப் பதிவில் இருப்பது நான் ஒருத்திதான். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"நான்தான் ஓடறேன்," என்றேன்.

"தெரியும்க்கா," என்றான் அஜிதன். "நான் சேந்த அன்னிக்கே எழில் அண்ணன் போன் பண்ணாரு. அந்த எடத்துல மணிமொழி அக்கா ஜாஸ்தி ஓடுவாங்க, நீயும் கூடவே ஓடிடு, இல்லன்னா பாட்டு ஒடஞ்சிடும்னாரு. அவருக்கு வல்லரசு அண்ணன் சொன்னாராம்."

"நான் அவ்ளோ திட்டுனேனே, ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வாசிக்கறத வுட்டுட்டா? அந்த எடம் எங்களுக்குப் புடிக்கும்க்கா."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. இனி டிரம்மர் தேட வேண்டாம். திருத்த வேண்டிய ஆள் ஒருத்திதான், அவளும் பக்கத்திலேயே இருக்கிறாள். அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன், அஜிதன் டிரம்ஸில் மாட்டும் சிம்பல்களைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"இன்னிக்கு அனுப்பிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"எடுத்து மாட்டு. நான் ஓடுனா இனிமே கூட ஓடியாராத. அங்கயே நில்லு," என்றேன். "நான் திரும்பி வரேன்."