டாலருக்கு முப்பத்தைந்து காசு

கருமத்தம்பட்டி வட்டாரத்துப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், விசைத்தறி உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு நூலைக் கடனாகக் கொடுத்துவிட்டு வாசல் பார்த்துக் காத்திருப்போருக்கும் ஒரு முக்கியச் செய்தி. வரலாறு சற்று நகர்ந்து வழிவிடட்டும். பாலுசாமி டாலர் வாங்கப் போகிறார்.

தனக்காக மட்டும் அல்ல; கம்போடியாவுக்குப் போய் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கவிருக்கிற பத்துப் பேருக்கும். அவரையும் சேர்த்துத்தான் பத்து. அந்தப் பத்துப் பேருக்கும் அவர்தான் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. வாட்ஸப் குழுவை ஆரம்பித்தவர் அவர், ஆகவே தலைவர். குழுவின் பெயர் 'கொங்கு அயலகப் பண்பாட்டுப் பேரவை'. ஐந்து நாள் சுற்றுலாவுக்குப் பேரவை எதற்கு என்று கேட்கக் கூடாது. பேரவை இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸில் எதைப் போடுவது?

பேரவையின் முதல் கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. டாலர் மாற்றித் தரும் கடைகளைப் பற்றிப் பாலுசாமி பேசினார்.

"கமிஷன் இல்லைன்னு கண்ணாடியில பெருசா எழுதி ஒட்டறானுங்க. நமக்கு விக்கறப்ப ஒரு வெல, நம்மகிட்ட வாங்கறப்ப ஒரு வெல. நடுவுல நிக்கறது என்னங்க, கோயில் பிரசாதமா? ஏர்போர்ட்டுல இருக்கறவன் அதுக்கும் மேல. அங்க போயி டாலர் வாங்கறவன் மனுசனே இல்லீங்க!"

கொடுமை என்னவென்றால், இதில் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு மனிதன் தான் சம்பாதித்த பணத்தை வேறு நிறத்தில் பார்க்க ஆசைப்பட்டால் போதும், வரிசையாக வந்து நிற்கிறார்கள். மாற்றித் தருகிறவருக்கு ஒரு பங்கு. அவர் மாற்றித் தந்ததற்காக அரசாங்கத்துக்கு ஒரு வரி. கார்டில் வாங்கினால் கார்டுக்கு ஒரு கட்டணம், அந்த ஊர் இயந்திரத்தில் எடுத்தால் இயந்திரத்துக்கு ஒரு கட்டணம். போதாததற்கு, 'ரூபாயிலேயே செலுத்த விருப்பமா?' என்று அந்த இயந்திரம் பாசத்தோடு கேட்கும். ஊர் நினைப்பில் ஆமாம் என்று அழுத்திவிட்டால் அதற்குத் தனியாக ஒரு வெட்டு. இதையெல்லாம் எதிர்த்து ஒருவர் கிளம்பினால் மாலை போட்டு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் கிளம்பியவர் பாலுசாமி.

எல்லோரும் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் அவரிடம் கொடுத்தார்கள். தலைக்கு முன்னூறு டாலருக்கான ரூபாய். கொடுக்காதவர் ஒருவர்தான். பாலுசாமியின் மனைவி மாரியாத்தாள்.

மாரியாத்தாளின் பணம் ஏலச்சீட்டில் எடுத்த பணம். பால் ஊற்றி, மாதாமாதம் சீட்டுக் கட்டி, கடைசித் தவணையில் தள்ளுபடி இல்லாமல் முழுசாக எடுத்தது. அதை அவரிடம் கொடுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பொருமுறை ஊட்டியில் அவள் ஒரு சுட்ட சோளக்கதிர் கேட்டாள். பாலுசாமி பர்ஸைத் திறக்கவில்லை, வாயைத் திறந்தார். நம் தோட்டத்துச் சோளம் மூட்டை என்ன விலைக்குப் போகிறது, இவன் ஒரு கதிருக்கு என்ன கேட்கிறான் என்று அவர் விளக்கி முடித்தபோது சோளக்காரன் தள்ளுவண்டியோடு அடுத்த வளைவுக்குப் போயிருந்தான்.

"எனக்கு அஞ்சு நாளும் உங்ககிட்டக் கை நீட்டாம இருக்கோணுமுங்க. ஒரு இளநி குடிச்சாலும் எங்காசுல குடிக்கோணும். அவ்வளவுதான்" என்றாள்.

கோவையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் வர்ஷினி, "அம்மாவுக்கு ஒரு கார்டு வாங்கிக் குடுத்தரலாங்கப்பா, டாலரை அதுலயே ஏத்திக்கலாம்" என்றாள்.

"தலைவர் சம்சாரமே தனியாப் போயி வாங்குனா, ஊர்ல நாலு பேரு என்ன கேப்பாங்க? கொண்டா அம்மணி. டாலராவே உன்ற கையில குடுக்கறேன்."

மாரியாத்தாள் கொடுத்தாள். முப்பத்து நான்கு வருடப் பழக்கம் சட்டென்று விட்டுவிடாது.

அடுத்த ஒரு வாரம் பாலுசாமியின் கார் கோயமுத்தூரிலேயே குடியிருந்தது. காந்திபுரத்தில் கேட்ட விலையை ஆர்.எஸ்.புரத்தில் சொல்வார். ஆர்.எஸ்.புரத்தில் குறைத்ததை அவிநாசி ரோட்டில் சொல்வார். அவிநாசி ரோட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதும் மறுபடி காந்திபுரம். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு புகைப்படம் எடுத்துக் குழுவில் போடுவார். கீழே 'போராட்டம் தொடர்கிறது' என்று எழுதுவார். கடைசியில் ஒரு கடையில் சென்னகேசவன் என்கிற ஊழியர், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததால், டாலருக்கு முப்பத்தைந்து காசு குறைத்தார். மூவாயிரம் டாலர் முடிந்தது. பேரவைக்கு ஆயிரத்து ஐம்பது ரூபாய் லாபம். டீசலைக் கணக்கில் சேர்ப்பது பேரவையின் மரபு அல்ல.

இந்த வெற்றிக்கு ஒரு விழா எடுக்காமல் இருக்க முடியுமா? பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கல்யாண மண்டபத்தில் வழியனுப்பு விழா நடந்தது. ஃப்ளெக்ஸில் அங்கோர் வாட்டை விடப் பாலுசாமி பெரியதாக இருந்தார். மேடையில் வெள்ளித் தட்டு. தட்டில் டாலர், எல்லாம் இருபது டாலர் நோட்டுகள், மடிப்புக் கலையாத புது நோட்டுகள்.

"மகாலட்சுமி எந்த நாட்டுக்காரியா இருந்தா என்னங்க, நம்ம ஊட்டுக்கு வந்தா மஞ்ச குங்குமத்தோடதான் வெளிய போகோணும்!" என்று மைக்கில் முழங்கிவிட்டு, மாரியாத்தாளைப் பார்த்து, "மஞ்சளக் குழைச்சுக் கொண்டா அம்மணி" என்றார்.

"ஏனுங்க, மேல இருக்கற ஒரு நோட்டுக்கு வெச்சாப் போதாதுங்களா?"

"லட்சுமியில ஓரவஞ்சனை கூடாது."

நூற்றைம்பது நோட்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை. தலைவர் தன் திருக்கரத்தாலேயே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால் சில நோட்டுகளுக்கு இரண்டு முறை வைத்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை சந்தியாகுவும் அவர் மனைவி இருதயம்மாளும் பயணத்தில் இருந்தார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெரு. சந்தியாகு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்ணா, எங்க ரெண்டு பேரு டாலருக்குமா?"

"மங்கலத்துக்கு மதமில்லீங்க சந்தியாகு!"

மண்டபம் கைதட்டியது. சந்தியாகுவும் தட்டினார். வேறு என்ன செய்வார், டாலர் தட்டில் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வர்ஷினி வந்தாள். அம்மா தன் பங்கு பதினைந்து நோட்டையும் ஆசையாக எடுத்துக் காட்டினாள். வர்ஷினி நோட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு செல்போனை எடுத்துப் பேரவைக் குழுவின் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனாள். காந்திபுரத்தில் அப்பா, ஆர்.எஸ்.புரத்தில் அப்பா, அவிநாசி ரோட்டில் அப்பா, இட்லி சாப்பிடும் அப்பா, எல்லாவற்றையும் தாண்டி அடியாழத்தில், சுற்றுலாக் கம்பெனிக்காரர் இரண்டு வாரத்துக்கு முன்பே அனுப்பிய செய்தி புதைந்து கிடந்தது.

"கேளுங்கப்பா. 'கம்போடியாவில் அன்றாடச் செலவுக்கே டாலர்தான். கிழிசல், கறை, எழுத்து இருக்கும் நோட்டை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். புது நோட்டாகக் கொண்டு வரவும்.'"

பாலுசாமி செல்போனை வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

ஒரு தலைவர் இப்படிப்பட்ட நேரத்தில்தான் தலைவர் என்று நிரூபிக்கிறார். பாலுசாமி குரல் செய்தி ஒன்றைப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினார். "அன்பார்ந்த பேரவை உறுப்பினர்களே, மகளிர் அணியின் கவனக்குறைவால் டாலர்களில் லேசாக மஞ்சள் பட்டுவிட்டது. தலைமை உரிய நடவடிக்கை எடுத்து வருகிறது."

மகளிர் அணி என்றால் மாரியாத்தாள். வேறு ஆள் கிடையாது.

மகளிர் அணி அப்போது அடுப்படியில் தோசைக்கல்லைப் போட்டிருந்தது. கேட்டதும் கல்லை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தது.

"நானாங்க பூசுனேன்? ஒரு நோட்டுக்குப் போதுமுங்கன்னு நான் சொன்னது ஊருக்கே கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கல. போட்டோவுக்கு நின்னது நீங்க, மைக்குல பேசுனது நீங்க, கைதட்டு வாங்குனது நீங்க. பழி வாங்கறதுக்கு மட்டும் நான் வேணுமா?"

"மஞ்ச கொழைச்சது யாரு?"

"நீங்க சொன்னீங்க, கொழைச்சேன். அரளியை அரைன்னு சொல்லியிருந்தாலும் இத்தன வருசம் அரைச்சுத்தான் குடுத்திருப்பேன். இனி மாட்டேன்!"

மறுநாள் காலை தலைமை நடவடிக்கை எடுத்தது. கார் மறுபடி கோயமுத்தூருக்குப் போனது. சென்னகேசவன் நோட்டுகளைப் பார்த்தார். தொடவில்லை.

"நான் குடுக்கறப்ப இது பச்சையா இருந்துதுங்க சார்."

"இப்பவும் பச்சதாங்க! ஓரத்துல மட்டும் கொஞ்சம் மங்கலமா இருக்குது. தெனமும் லட்சுமி பொழங்கற எடத்துல உக்காந்துட்டு மஞ்சளப் பாத்தா மூஞ்சியச் சுளிக்கறீங்களே, இது தகுமா?"

"எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க சார். எங்ககிட்ட இருந்து வாங்கறவங்க சுளிப்பாங்க."

வீடு திரும்பிய பாலுசாமி டாலர்களோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரு பக்கெட் தண்ணீர், துணி துவைக்கிற சோப்புத் தூள். உள்ளே நீர் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு, "ஐயய்யோ!" என்று ஒரு சத்தம்.

கதவு திறந்தது. மஞ்சள் இருந்த இடமெல்லாம் சிவந்து போயிருந்தது. அமெரிக்க அதிபர் ஒவ்வொரு மூலையிலும் வெற்றிலை துப்பிய சுவரைப் போல இருந்தார்.

மாரியாத்தாள் பக்கெட்டை எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு சேந்தா என்ன ஆவுமுங்க? இந்த ஊட்டுல எத்தன தடவ ஆரத்தி எடுத்திருக்கறோம். நெத்தியக் காட்டிட்டு நின்னீங்களே, அது எப்படிச் செவந்துச்சுன்னு ஒருநாளாவது ரோசன பண்ணியிருக்கீங்களா? சோப்பும் அதே வேலையத்தான் செய்யும்."

அதற்குள் சந்தியாகு வாசலில் வந்து நின்றார். குரல் செய்தியை அவர் இரண்டு தடவை கேட்டிருந்தார்.

"ஏனுங் தலைவரே, ஆரத்தியெல்லாம் முடிஞ்சுதுங்களா? முடிஞ்சா எங்க ரூவாயக் குடுத்துப் போடுங்க, உங்க ஆரத்தித் தட்டுல நாங்க பணம் போட வேண்டாமில்லீங்க?"

"நாளைக்கு எல்லாருக்கும் புது டாலர் எம்பொறுப்புங்க" என்றார் பாலுசாமி. குரலில் மைக் இல்லை.

"எனக்கு டாலர் வேண்டாம்" என்றாள் மாரியாத்தாள். "என்ற சீட்டுப் பணம், ரூவாயா, இப்ப, என்ற கையில."

"நாளைக்கு எல்லாருக்கும் சேத்தி..."

"இப்பங்க."

பீரோ திறந்தது. எண்ணிக் கொடுத்தார். அவள் மறுபடி எண்ணினாள், அவர் எதிரிலேயே. பிறகு மகளைப் பார்த்து, "அந்தக் கார்டு எங்க குடுப்பாங்க கண்ணு?" என்றாள்.

"காலையில போலாங்கம்மா. ஆனா அதுக்கும் கொஞ்சம் பணம் புடிப்பாங்க. அங்க மெஷின்ல எடுத்தா அதுக்கும் புடிப்பாங்க."

"புடிக்கட்டும். மஞ்ச பூச மாட்டாங்கல்ல?"

காலையில் தாயும் மகளும் போய், கையெழுத்துப் போட்டு, கார்டு வாங்கி, வரும் வழியில் அன்னபூர்ணாவில் காபியும் குடித்துவிட்டு வீடு திரும்பியபோது, பாலுசாமி இன்னும் கடைகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, பண்டிகை இல்லை. ஆனாலும் ஒருவரும் எடுக்கவில்லை. பாலுசாமியின் எண்ணை எல்லாக் கடைகளும் பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தன.

அன்று சாயங்காலம் கோவை விமான நிலையத்தில், மாலையும் கழுத்துமாக, 'கமிஷன் இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டிய கண்ணாடிக்கு முன்னால் பாலுசாமி நின்றார். பின்னால் எட்டுப் பேர் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றார்கள். டாலருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கூடுதல். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கவுன்டரில் இருந்த பெண், "பயணம் இனிதாக அமையட்டும் சார்" என்றாள்.

வரிசையில் நிற்காதவள் மாரியாத்தாள் மட்டும்தான். தோளில் மாட்டிய சிறு பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கம்போடியாவில் ஒரு இயந்திரத்தில் அவள் இருபது டாலர் எடுத்தாள். அதற்குக் கட்டணம் பிடித்தார்கள். அங்கோர் வாட் வாசலில் ஓர் இளநீர் வாங்கினாள். பாலுசாமி விலையைக் கேட்டு வாயைத் திறப்பதற்குள் காசு கை மாறிவிட்டது. உறிஞ்சிப் பார்த்தாள். பொள்ளாச்சி இளநீரே தேவலை என்றாள்.