இரும்பு வேணுமா, ஈயம் வேணுமா

சனிக்கிழமை காலை கோல்மன் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம், அதன்பிறகு ஹபீலை ஓரிடத்தில் இருக்க விடவில்லை.

"நாளைப் பகல் தோட்டத்துப் பங்களாவில் நமக்குச் சாப்பாடு. குறிப்புப் புத்தகத்தை மறக்காதே. அதைக் காட்டுவதாகச் சொல்லித்தான் துரையிடம் தோட்டத்துக்குள் வர அனுமதி வாங்கியிருக்கிறேன்."

கோல்மன் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். விளையாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்ய 1934 ஜனவரியில் கண்டிக்கு வந்து, வாவிக்கு மேலே ஒரு வீட்டில் தங்கியிருந்தார். ஒரு கூட்டம் யாருக்குக் கீழ்ப்படிகிறது, எப்போது மறுக்கிறது என்பதை அதன் வேலையில் பார்ப்பதைவிட விளையாட்டில் பார்ப்பது சுலபம் என்பது அவர் கட்சி. அதற்காக வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தையும், அங்கே ஞாயிறுதோறும் நடக்கும் சடுகுடுவையும் தேர்ந்தெடுத்தார். வழக்குப் பார்க்கும் புரொக்டர் ஒருவரிடம் கிளாக்காக இருந்த ஹபீலை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார். ஹபீலை இழுத்தது சம்பளம் அல்ல. "என் புத்தகத்தின் முன்னுரையில் உன் பெயர் வரும்" என்று கோல்மன் சொல்லியிருந்தார். லண்டனில் அச்சாகும் ஒரு தாளில் தன் பெயர் எந்த வரியில் இருக்கும் என்பதுவரை ஹபீல் யோசித்து வைத்திருந்தான்.

புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஹபீலின் கையெழுத்து. பெயர், வயது, குடியிருக்கும் லயம், அதில் கமரா நம்பர். "பெயர் இல்லாத சாட்சி சாட்சியே இல்லை" என்பது கோல்மனின் விதி. அப்படித்தான் தோட்டத்துத் தொழிலாளி அழகமுத்து சொன்னதும் அதில் ஏறியிருந்தது.

அது நடந்து இரண்டு மாதம். ஆட்டத்தில் அழகமுத்து தொட்ட ஒருவன் வெளியே போக மறுத்தான். அவன் பெரிய கங்காணியின் மகன். "இவன் போகாம ஆட்டமில்ல" என்று சொல்லி அழகமுத்து தரையில் உட்கார்ந்தான். அவனோடு சேர்த்து, இரண்டு பக்கத்திலுமாகப் பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரிக்கும்போது, கங்காணி அந்தப் பதினொரு பேரையும் ஆகச் செங்குத்தான மலைக்குப் போகச் சொன்னார். அழகமுத்து அங்கேயும் உட்கார்ந்தான். மற்றப் பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். மத்தியானம் கங்காணி வழிக்கு வந்தார். தன் ஆட்கள் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பது வெளியே தெரியாதிருக்க, காலையில் மழை பெய்தது என்று துரையிடம் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்ட அன்று கோல்மன் கதிரையில் இருந்து எழுந்து நடந்தார். இதற்காகத்தான் கப்பல் ஏறினேன் என்றார். 'அழகமுத்து' என்ற பெயரை மூன்று நாள் சொல்லிச் சொல்லிப் பழகினார். நான்காம் நாள் அந்த ழகரம் ஹபீலுடையதைவிடத் திருத்தமாக வந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்துக்கு மேலே உள்ள பாதை வளைவிலிருந்தே அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தொப்பியை ஆட்டுவார்.

"துரை இதைப் பார்த்தால் அவனைத் தோட்டத்தை விட்டுத் துரத்திவிடுவார் சேர்" என்றான் ஹபீல் இப்போது.

"துரை கனவான். இது ஆராய்ச்சி, போலீஸ் விசாரணை அல்ல."

"பெயர்களை மட்டுமாவது எடுத்துவிடலாமா?"

"எடுத்தால் நான் கதை கட்டுகிறேன் என்பார்கள்."

கோல்மன் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். ஹபீல் வாவியை ஒரு தடவை சுற்றினான். இன்னொரு தடவை சுற்றத் தொடங்கி, பாதியில் ஸ்டேஷனுக்குத் திரும்பி, மாத்தளை ரயிலில் ஏறினான். புத்தகம் சட்டைக்குள் இருந்தது. வத்தேகமை வருவதற்குள் அது அங்கே இருக்கிறதா என்று நாலு முறை தொட்டுப் பார்த்தான்.

அழகமுத்து மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி, லயத்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க நானா. வெள்ளக்காரர விட்டுட்டு ஒத்தையா வந்திருக்கீங்க. கெழமை மாறிப் போச்சா?"

"பெரிய பிழையொண்டு நடந்து போச்சு" என்றான் ஹபீல். "நீங்க சொன்னதெல்லாத்தையும் நாளைக்கி துரை பாக்கப் போறார். ஒங்கட பேரு, லயம், கமரா எல்லாம் இதுல ஈக்கிது."

அழகமுத்து செம்பைக் கீழே வைத்தான். உள்ளே இருந்து பேசியது அவன் மனைவி சுப்பம்மா.

"புஸ்தகத்துல வரப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாருல்ல. இப்ப வந்துட்டாரு."

"சும்மா இரு புள்ள."

"சும்மாதான் இருக்கேன். நாளன்னைக்கி சட்டி பானையத் தூக்கிக்கிட்டு தெல்தெனியாவுக்குப் போறதா, அம்பிட்டியாவுக்குப் போறதா? அத மட்டும் சொல்லுங்க, நான் சும்மா இருக்கேன்."

"அந்தக் கதைய முழுசா கிழிச்சிப் போடுறன்" என்றான் ஹபீல். "நடக்கவே இல்லண்டு வெச்சிக்கொள்ளுவோம்."

"அது வேணாம்." அழகமுத்து தலையை ஆட்டினான். "பதினோரு பேரு ஒக்காந்தது நெசம். கங்காணி மழைன்னு சொன்னாரு. நீங்களும் மழைன்னு எழுதப் போறீங்களா?"

"அப்ப நான் என்ன செய்யிற?"

அழகமுத்து ஈரக் காலோடு உள்ளே வந்து உட்கார்ந்தான். "அன்னைக்கி உத்தி பிரிச்சதையும் உங்க ஆளு கேட்டு எழுத வச்சாரே. அது இருக்கா?"

இருந்தது, கடைசிக் கட்டத்தில். சடுகுடுவுக்கு ஆள் பிரிக்கும்போது, சம பலமுள்ள இருவர் தோள்மேல் கைபோட்டுத் தள்ளிப் போவார்கள். ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "இரும்பு வேணுமா, ஈயம் வேணுமா" என்று தலைவனைக் கேட்பார்கள். எது யார் என்று தெரியாமல் அவன் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தப் பெயர் அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான்.

"எனக்கு அன்னைக்கி என்னா பேரு?"

ஹபீல் விரலை ஓட்டிப் பார்த்தான். "இரும்பு."

"அப்படியே இருந்துட்டுப் போறேன்."

ஹபீல் பலகையில் தாளை வைத்து எழுதினான். பெயர்கள் இருந்த இடத்தில் கடுகு, மிளகு, முயல், மான். வயதை விட்டான், லயத்தை விட்டான். இரண்டு தாள் வீணாயிற்று. முடிந்ததும் பழைய பக்கங்களைச் சுப்பம்மா வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"இவரு பேரு எது?"

ஹபீல் காட்டினான். அவள் அந்தத் தாளை முதலில் அடுப்பில் வைத்தாள். அதன் மேலேயே கேத்தலை ஏற்றினாள்.

"சீனி இல்ல நானா. வெறும் தேத்தண்ணிதான்."

மறுநாள் பங்களாவுக்கு ஏறும்போது ஹபீல் கோல்மனிடம் சொல்லிவிட்டான். கோல்மன் பாதை நடுவில் நின்றார்.

"என் ஆதாரத்தை எரித்திருக்கிறாய்."

"ஆமாம் சேர்."

"உன்னை நம்பினேன்."

ஹபீலை விட்டு முன்னால் ஏறினார். பங்களாவில் சாப்பாட்டுக்குப் பிறகு துரை புத்தகத்தை எடுத்து மெதுவாகப் புரட்டினார். பதினொரு பேர் உட்கார்ந்த கதை இருந்த பக்கத்தில் விரல் நின்றது. ஹபீல் சுவரோரம் நின்றான். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"இரும்பு யாரு? சொல்லு" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

"தெரியா துரை. அது விளையாட்டுக்கு வைக்கிற பேர். ஒவ்வொரு ஞாயிறும் மாறும்."

துரை பெரிய கங்காணியைக் கூப்பிட்டு விட்டார். கங்காணி குடையை வெளியே சாத்திவிட்டு வந்து, கேட்டதும் கொஞ்சம் சிரித்தார்.

"அப்படி ஒண்ணும் நடக்கலைங்க துரை. அன்னைக்கி மழைங்க. பயலுக வாய்க்கு வந்தத அளந்து விட்டிருப்பானுக."

துரை அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோல்மன் பக்கம் திரும்பினார். "உங்களிடம் நேரில்தானே சொல்லியிருக்கிறான். அவன் பெயர் என்ன?"

கோல்மன் வாயைத் துடைத்து, துணியை நாலாக மடித்து வைத்தார்.

"மன்னிக்க வேண்டும்" என்றார். "இவர்கள் பெயர் ஒன்றுகூட என் நாக்கில் வருவதில்லை."

மூன்று மணிக்கு இறங்கினார்கள். பின்னால் சற்றுத் தூரத்தில் கங்காணியும் வந்துகொண்டிருந்தார். பாதை வளைவில், கீழே மைதானத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அழகமுத்து நிமிர்ந்து பார்த்தான். கோல்மன் வழக்கம்போல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தொப்பியை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார் ஹபீலிடம். "முன்னுரையிலும் உன் பெயர் வராது." இரண்டு அடி போய்த் திரும்பினார். "பெயரில்லாத அந்தப் பக்கத்தை வைத்து என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை."

அவர் ஸ்டேஷனை நோக்கி நடந்தார். ஹபீல் அங்கேயே நின்றான். கங்காணி அவனைத் தாண்டிக் குறுக்கு வழியில் இறங்கி, மைதானத்து ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து குடையை விரித்தார். அங்கே வழக்கமாக யாரும் உட்காருவதில்லை.

அழகமுத்து இன்னொருவன் தோளில் கைபோட்டுத் தேயிலைச் செடிகள் பக்கம் போனான். இருவரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசித் திரும்பினார்கள்.

"கல்லு வேணுமா, காத்து வேணுமா?"

குரல் மேலே வரை கேட்டது. தலைவன் சொன்ன பதில் கேட்கவில்லை. குடை முன்னால் சாய்ந்தது. யாருக்கு எந்தப் பெயர் என்று கங்காணி கழுத்தை நீட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். ரயில் ஊதியது. ஹபீல் ஸ்டேஷன் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். திரும்பவும் வளைவுக்கே வந்து கீழே பார்த்தான்.