சிலுவையில் கட்டிய கயிறு

"பேப்பர் இருக்கா?" என்று கேட்டார் ஃபிடென்சியோ.

"என் வேலை இருக்கே, தலைவரே. இந்தப் பச்சூக்கா ஊர்ல நான் போட்ட மாடி ஒண்ணு ஒழுகுதுன்னு யாராவது சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்," என்றார் எலவுத்தேரியோ.

"உன் மீசையை வெச்சு நான் என்ன பண்றது? போன வருஷம் வந்தவன் கேஸ் டார்ச்சைப் பத்த வெச்சான். காத்து அடிச்சுது. பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி உருகிப் பக்கத்து வீட்டு சோஃபா மேல ஊத்திருச்சு. அந்தம்மா இன்னிக்கும் என்னைப் பார்த்தா துப்புது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். இன்சூரன்ஸ் பேப்பரோட வா. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

இந்தப் பேச்சு என் வீட்டு வாசலில் நடந்தது. எலவுத்தேரியோவின் ஆட்கள் அப்போது என் மொட்டை மாடியில்தான் மழை ஒழுகாமலிருக்கத் தார் ஷீட்டை டார்ச்சில் இளக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிடென்சியோ பின்தெருக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். அங்கே இருக்கும் அத்தனை மாடிகளுக்கும் மழைக்கு முன்னால் ஷீட் ஒட்ட வேண்டும். அந்த வேலை கிடைத்தால் எலவுத்தேரியோ வீட்டிலும் அவர் ஆட்கள் வீட்டிலும் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால், அவரே சொன்னது, டார்ச்சை விற்றுவிட்டு மச்சினனின் டாக்ஸியைக் கழுவ வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். நானும் காதை நீட்டினேன்.

"வேலை நடக்கறதை எங்க ஆள் நேர்ல பார்க்கணும். திங்கட்கிழமை அனுப்பறோம். மே மூணு. அதை விட்டா அடுத்த மாசம்தான்," என்றது தலைநகரத்துக் குரல்.

எலவுத்தேரியோ என்னைப் பார்த்தார். மே மூன்று, சிலுவைத் திருநாள். கட்டட வேலைக்காரன் எவனும் அன்று கரண்டியைத் தொடமாட்டான். காகிதப்பூ சுற்றிய சிலுவையை மாடியில் நட்டு, வாணம் விட்டு, வேலை நடக்கும் வீட்டின் சொந்தக்காரி போடுவதைத் தின்று, கற்றாழைக் கள்ளில் மிதப்பான்.

"பேஷா வாங்க," என்று போனை வைத்தார்.

"திருநாள்ல நான் நெருப்பைத் தொடமாட்டேன், மேஸ்திரி," என்றான் நபோர். டார்ச் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முரண்டு பிடிப்பதிலும்.

"தொடாதடா. தொடற மாதிரி நில்லு. அவர் வந்து பார்த்துட்டுப் போயிடட்டும், அப்புறம் கொண்டாடிக்கலாம். ஆளுக்கொரு பாதுகாப்பு பெல்ட் இரவல் வாங்கியிருக்கேன், இடுப்புல மாட்டிக்க."

"பெல்ட் கயித்தை எங்க கட்டறது?"

"பலமா இருக்கற எதுலயாவது கட்டு. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலையிலேயே வேறொரு சிக்கல். சிலுவைக்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். நடும்போது அதைக் கையால் பிடிப்பவர் அவர்தான். பிடித்த நிமிஷத்திலிருந்து வீட்டுக்காரியான எனக்கும் மேஸ்திரிக்கும் அவர் சம்பந்தி முறை. அதற்கு ஒப்புக்கொண்டிருந்த இரும்புக் கடைக்காரர் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் புரண்டுகொண்டிருந்தார். சிலுவையை நடாமல், ஒரு தகர வாளியில் மணலைக் கொட்டிச் சும்மா நிறுத்தி வைத்தார்கள்.

கம்பெனி ஆள் வந்தார். பெயர் அன்செல்மோ. கழுத்தில் டை, தலையில் வெள்ளை ஹெல்மெட், கால்சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு. படியேறும்போதே மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை, டோன்யா ஒடிலியா?"

"பக்கத்து வீட்டுல ஏதோ சமைக்கறாங்க போல, இன்ஜினியர் சார்," என்றேன். என் அடுப்பில் ஒரு முழு வான்கோழி மோலே குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மேலே எல்லோரும் பெல்ட் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். நபோர் எரியாத டார்ச்சை ஷீட்டுக்கு நேராகப் பிடித்திருந்தான். அன்செல்மோ ஒரு கயிற்றைப் பிடித்து அது போகும் வழியே நடந்தார். இன்னொன்றைப் பிடித்தார். அதுவும் அங்கேதான் போனது.

"எல்லாத்தையும் சிலுவையிலயா கட்டியிருக்கீங்க?"

"ஆமா சார். காலையிலதான் சாமியார் மந்திரிச்சுக் குடுத்தாரு," என்றான் நபோர்.

"இது ஆள் பாரம் தாங்குமா?"

"சார், இன்னிக்கு நாளும் அதுவுமா நாத்திகம் பேசாதீங்க."

"பக்கத்துலயே இரும்புக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே?"

"அது மேல்மாடி எழுப்பறதுக்கு இவங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனது. துருப்பிடிச்சுருச்சு. நம்ப முடியாது சார்."

அன்செல்மோ குறித்துக்கொண்டார். எலவுத்தேரியோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"தீயணைக்கற சிலிண்டர்?"

"இதோ சார்!" என்று திபுர்சியோ ஓடி எடுத்து வந்தான். கூட்டத்தில் அவன்தான் பருமன். சிலிண்டர் பேக்கரியில் இரவல் வாங்கியது. கழுத்தைச் சுற்றி ரோஜா நிறக் காகிதப்பூ.

"இதுக்கு எதுக்குப் பூ?"

"மிச்சம் இருந்துச்சு சார்."

"அந்த அட்டைப் பெட்டியில என்ன?"

"வாணம் சார்."

"கேஸ் சிலிண்டரை ஒட்டியா வைப்பாங்க?"

"நெழலா இருந்துச்சு சார்."

எலவுத்தேரியோ கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்துக் காற்று அடித்தது. எங்கள் ஊர்க் காற்று முன்னறிவிப்பு கொடுக்காது. வாளி சரிந்தது, சிலுவை சாய்ந்தது, அதோடு கட்டியிருந்த நான்கு ஆம்பிளைகளும் ஒரே பக்கமாக இழுபட்டார்கள். அன்செல்மோ குறிப்பேட்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து, சிலுவையை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடாதீங்க சார்!" என்று கத்திக்கொண்டே திபுர்சியோ அடியில் செங்கல்லை முட்டுக்கொடுத்தான். சிலுவை நிமிர்ந்து நின்றது.

நபோர் கூவினான்: "பிடிச்சுட்டாருடா! ஞானத்தகப்பன் கிடைச்சாச்சு! விடுடா வாணத்தை!"

வாணம் சீறிக்கொண்டு போனது. பக்கத்து மாடிகளிலிருந்து பதில் வாணங்கள் கிளம்பின. மாடிக்கு மாடி கட்டியிருந்த நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. எலவுத்தேரியோ அன்செல்மோவை இறுகத் தழுவிக்கொண்டார்.

"இனிமே நீங்க நமக்குச் சம்பந்தி!"

அதற்கப்புறம் வான்கோழியை ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. சம்பந்தி மூன்று தடவை போட்டுக்கொண்டார். குழம்பு டையில் சொட்டியதும் அதைக் கழற்றிப் பையில் வைத்தார். எலவுத்தேரியோ முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்ப பாலிசி எப்ப வரும், சம்பந்தி?"

அன்செல்மோ தட்டைக் கீழே வைத்தார். "வராது, சம்பந்தி."

"என்னது?"

"சொந்தக்காரங்க வேலை செய்யற இடத்தை நாங்க சோதிக்கக் கூடாது. கம்பெனி சட்டம்."

"அதை மறந்துடுங்க சம்பந்தி!"

"பாருங்க, மறக்கச் சொல்றப்பவே சம்பந்திங்கறீங்க. எங்கப்பாவும் கொத்தனார்தான். சிலுவையைப் பிடிச்சேன், சாப்பிட்டேன். இனி இல்லேன்னு சொன்னா அவர் கல்லறையிலேருந்து எழுந்து வந்து அறைவார்."

எலவுத்தேரியோ தொட்டிப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாளைக்குக் கூட்டம். யாருக்கும் தோர்த்தியா ரொட்டி இறங்கவில்லை. நபோருக்கு மட்டும் இறங்கியது.

"உங்க கம்பெனியில வேற ஆளே கிடையாதா?" என்று நான்தான் கேட்டேன்.

"எங்க மேலதிகாரி இருக்காங்க. லியோகாதியா. நான் கூப்பிட்டா நாளைக்குக் காலையில வருவாங்க. ஆனா அவங்க என்னை மாதிரி இல்லை, போற இடத்துல தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்க." சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். "அதுக்குள்ள இதையெல்லாம் சரி பண்ணணும். சுவத்துல இரும்பு வளையம் பதிங்க. அந்தப் பெட்டியைக் கீழ கொண்டு போங்க. கேஸ் சிலிண்டரை அந்த மூலைக்குத் தள்ளுங்க. எழுந்திருங்க!"

"திருநாள்ல வேலை செய்யமாட்டோம்," என்றான் நபோர்.

"இது வேலை இல்லை. ஞானத்தகப்பன் சொல்றேன்."

நபோர் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். பொழுது சாயும்வரை அந்த மனுஷர் அவர்களை உட்காரவிடவில்லை. ஒவ்வொரு வளையத்திலும் தானே தொங்கிப் பார்த்தார். ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தபோது மறுபடி துளை போடச் சொன்னார்.

"அதிகாரியா இருந்தப்ப எவ்வளவு தங்கமா இருந்தாரு," என்று திபுர்சியோ முனகினான். "உறவாயிட்டாரு, உயிரை எடுக்கறாரு."

மறுநாள் லியோகாதியா வந்தார். நான் நீட்டிய தண்ணீரைக் கையாலேயே தள்ளினார். வளையங்களை உதைத்துப் பார்த்தார். நபோரை டார்ச் பற்றவைக்கச் சொல்லி, ஒரு ஷீட்டை முழுக்க ஒட்டும்வரை நின்று பார்த்தார். திபுர்சியோவைத் தீயணைப்பு சிலிண்டரோடு மாடியைச் சுற்றி ஓடவிட்டு நேரம் பார்த்தார். அன்செல்மோ சொந்தக்காரராக லட்சணமாக ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தம்மா சிலுவைக்கு முன்னால் போய் நின்றார்.

"இதென்ன, சரியா நிக்குதா?" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்கம்மா!" நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்.

கை அந்தரத்தில் நின்றது. "ஏன்? கரண்ட் பாயுதா?"

"அதைவிட மோசம்," என்றார் எலவுத்தேரியோ. "உறவு பாயும்."

அந்தம்மா அன்செல்மோவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். சாய்ந்த சிலுவையையும், நிழலில் வைத்த வாணத்தையும் சேர்த்துத்தான். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"எனக்கு இருக்கற சொந்தமே போதும்," என்று சொல்லிவிட்டு எதையோ எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், நிறுத்தவே இல்லை.

மத்தியானத்துக்குமேல் தற்காலிகப் பாலிசி எலவுத்தேரியோவின் போனுக்கு வந்தது. முனைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு ஓடினார். என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனார்.

ஃபிடென்சியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"'மே மூன்றாம் தேதி நிகழும் எந்த விபத்துக்கும் கம்பெனி பொறுப்பல்ல.' இது என்ன?"

எலவுத்தேரியோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அது வந்து, தலைவரே..."

"சிலுவைத் திருநாள்ல எவன்யா வேலை செய்வான்? தலைநகரத்துக்காரனுக்கு ஒண்ணும் தெரியலை. காகிதத்துக்குப் பிடிச்ச கேடு." வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்தைப் போட்டார். "எப்ப ஆரம்பிக்கற?"

"நாளன்னிக்குக் காலையில."

"ஏன், நாளைக்கு என்ன?"

"ஆளுங்க இன்னிக்கு ராத்திரி பாலிசியைக் கொண்டாடப் போறாங்க. நாளைக்கு நபோரால தலையைத் தூக்க முடியாது."

"அதுக்கு இன்சூரன்ஸ் கிடையாதா?"

"கேட்டுப் பார்த்தேன், தலைவரே. அந்தம்மா போனை வெச்சுட்டாங்க."