இரண்டு ஈரச் சாக்கு

கடல் கண்ணெதிரே கிடந்தது. நான் மணலில் இறங்கிப் பத்துப் பதினைந்து எட்டு வைத்த பிறகுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மூன்றும் சவுக்கு மர நிழலுக்குள் ஓடிப்போய், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்று கத்துகின்றன. பெரியவள் தனக்கோடிக்கு ஒன்பது வயது. நடுப்பிள்ளை விருத்தகிரிக்கு ஆறு. கடைக்குட்டி பாஞ்சாலைக்கு அப்போதுதான் மூன்று முடிந்திருந்தது. அவள் அக்காவின் பாதத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு ஊரைக் கூட்டினாள்.

"சுடுதும்மா! நெருப்பு மாரி சுடுது!"

"எங்கடி சுடுது?" என்று கேட்டேன். விளையாட்டுக்கு இல்லை, சத்தியமாகத்தான் கேட்டேன். எனக்குச் சுடவே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளை பிரிக்கிற வேலைக்கு நான் போக ஆரம்பித்து ஏழு வருஷம். சூளை வாயை அடைத்த செங்கல்லை எடுத்ததும் உள்ளே நுழைந்து, அனல் அடங்காத ஜாடிகளை எடுத்து வெளியே கொடுக்கிற பெண்களில் முதல் ஆள் நான்தான். ஏழு வருஷத்தில் என் உள்ளங்காலுக்குச் சூடும் போச்சு, சொரணையும் போச்சு. அந்தக் காலை நம்பி, கத்திரி வெயிலில், உச்சிப்பொழுதில், செருப்பு என்றால் என்னவென்றே தெரியாத மூன்று பிள்ளைகளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். புத்தி உள்ளவள் யாராவது இந்தக் காரியம் செய்வாளா?

நிழலில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "எந்த ஊரு தங்கச்சி நீ? இந்நேரத்துல இந்த மண்ணுல நாங்களே எறங்க மாட்டோம். நாலு மணிக்கு மேல எறங்குங்க, குளுகுளுன்னு இருக்கும்."

நாலு மணிக்கு எங்கள் ரயில் கடலூரை விட்டே கிளம்பிவிடும். அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது. இந்த ஊரில் தங்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்று கோடையாக இந்தக் கடலை என் வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார், வாயால். அவர் பெயர் உலகநாதன். சூளைக்கு நெருப்புப் போடுகிறவர். நெருப்பை நிறுத்திய பிறகு சூளை தானாக ஆற இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் அத்தனை ஜாடியும் விரிசல் விட்டுவிடும். அந்த ஆறுகிற நாள்தான் அவருக்கு ஓய்வு. ஒவ்வொரு மே மாதமும் சரியாக அந்த நாளில் ஏதாவது ஒன்று வந்து விழும். ஒரு வருஷம் நல்லூரில் கல்யாணம், மறு வருஷம் பெண்ணாடத்தில் சாவு. இந்த எழுபத்தொன்றாம் வருஷம் தேதி குறித்து, பாஞ்சாலை 'கடலுக்குப் போட்டுக்கிற கவுனை' முந்தின நாளே மாட்டிக்கொண்டு திரிந்தபோது, பக்கத்துச் சூளைக்காரருக்கு அம்மை போட்டுவிட்டது. அந்தச் சூளையும் இவர் தலையில். சாயங்காலம் வந்து வாசலில் நின்றவர் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருடைய அண்ணன், என் மூத்தார் சுப்புராயன், கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வுடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "அடுத்த வருசமெல்லாம் இல்லீங்க மாமா. நாளைக்கே போறோம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீயா? திட்டக்குடிக்கு பஸ்ஸு ஏறவே தொணைக்கு ஆளு தேடறவ நீ. போ, போ. கடல தூரத்துல நின்னு பாத்துட்டுத் திரும்பி வருவ. புள்ளைங்க கால்ல ஒரு சொட்டு தண்ணி படாது. எழுதி வச்சிக்க."

அவர் சிரித்தார். ஆனால் விடிவதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு ஜாடி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். வாய் கோணிப்போனதால் கழித்துப் போட்ட ஜாடி. தண்ணீர் சில்லென்று இருக்க அதைச் சுற்றி ஈரச் சாக்கு ஒன்று கட்டியிருந்தார். இன்னொரு சாக்கை மடித்து என் கையில் கொடுத்தார்.

"உக்கார வச்சிக்க. புள்ளைங்க பத்திரம்." அப்புறம், தயங்கித் தயங்கி, "நானும் பாத்ததில்ல. எப்பிடி இருக்குதுன்னு வந்து சொல்லு" என்றார்.

அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் சவுக்கு நிழலில் நின்றேன். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு இங்கே தனியாக நிற்கும். தண்ணீர் ஓரம் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்ததற்கு வந்தால், அந்த ஒன்று கடலோடு தனியாக நிற்கும். பெற்ற வயிறு அதற்குத் துணியுமா? மூன்றையும் ஒரேயடியாகத் தூக்க எனக்கு இடுப்பு இரண்டுதான். விருத்தகிரி அழுகையை நிறுத்திவிட்டு, "பரவால்லம்மா, இங்கேருந்தே பாத்துக்கறோம்" என்றான். ஆறு வயசுப் பிள்ளை. அந்தப் 'பரவால்ல'தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குடா பரவால்ல?" என்று கத்தினேன். ஜாடியைக் கீழே இறக்கிச் சாக்கை அவிழ்த்தேன்.

சூளைக்குள் நாங்கள் வெறுந்தரையில் நிற்க மாட்டோம். ஏழு வருஷத்துக்கு முன், என் கால் இன்னும் காலாக இருந்தபோது, முதல் நாள் வேலையில் வீரம்மாள் அக்கா எனக்கு ஈரச் சாக்கைத்தான் போட்டாள். அதன்மேல் நின்று பிரிப்போம்; உள்ளே போகப் போகச் சாக்கும் முன்னால் நகரும். அதே வேலைதான். இங்கே தலைக்குமேல் கூரை இல்லை, அவ்வளவுதான்.

ஜாடியைச் சாய்த்து இரண்டு சாக்கிலும் தண்ணீரை ஊற்றினேன். கருவாட்டுக்கார அம்மாள் எழுந்தே விட்டாள். "ஏ பொண்ணு, குடிக்கிற தண்ணிய ஏன் கொட்டற? புள்ளைங்க தாகத்துக்கு என்னா செய்வ?"

"கொஞ்சம் வச்சிருக்கேங்க" என்றேன். அடியில் நாலு மடக்கு இருந்தது. அதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே குடிக்கக் கொடுத்தேன். இனி ஜாடி காலி. இனி போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் சாக்கை மணலில் விரித்தேன். மூன்றும் ஏறி நெருக்கிக்கொண்டு நின்றன. இரண்டாவதை அதன் முன்னால் விரித்தேன். "தாண்டு!" மூன்றும் தாண்டின. பின்னால் கிடந்ததை உருவி முன்னால் போட்டேன். "தாண்டு!" தனக்கோடி எண்ண ஆரம்பித்தாள். பத்துவரை பயந்து பயந்து தாண்டினார்கள். இருபதில் விருத்தகிரி சிரித்தான். முப்பதில் பாஞ்சாலை கால் தவறி மணலில் விழுந்து வீறிட்டாள். கொத்தாகத் தூக்கிச் சாக்கில் நிறுத்தினேன். நாற்பதில் சாக்கு காய ஆரம்பித்தது. ஐம்பதில் எனக்கு மூச்சு வாங்கியது, குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தது. விருத்தகிரி மறுபடி நெளிந்தான்.

"சுடுதாடா?"

"கொஞ்சம். நீ போடும்மா, சீக்கிரம் போடு!"

நிழலிலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. "வுடாத தங்கச்சி! கிட்ட வந்துட்ட, வுடாத!"

எழுபத்து மூன்றாவது தடவையாகச் சாக்கைப் போடக் குனிந்தபோது அது மணலில் படவில்லை, நுரையில் பட்டது. பிள்ளைகள் சாக்கையும் மறந்தார்கள், என்னையும் மறந்தார்கள். முட்டிவரை இறங்கி நின்றுகொண்டு, அலை வந்து மோதும்போதெல்லாம் மூன்றும் ஒரே குரலில் கூவின. தனக்கோடியின் பாவாடை நனைந்து ஊதியது. பாஞ்சாலை ஒரு வாய் உப்புத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, மறுபடி குடித்தாள். நான் அலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், புடவையோடு. அழுதேனா சிரித்தேனா தெரியாது. ஜெயித்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. சத்தம் போட்டே சொன்னேன், "எழுதி வச்சிக்குங்க மாமா!" கடல்தான் கேட்டது.

திரும்பும்போது கஷ்டமே இல்லை. சாக்கு நனைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கடலே இருக்கிறது. கருவாட்டுக்கார அம்மாள் சொம்பு நிறைய நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "எந்த ஊருடி நீ?" என்று மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சொன்னேன். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, காலி ஜாடியோடு நான் மட்டும் இன்னொரு தடவை கடலுக்குப் போய் வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விருத்தாசலத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே சூளைக்குப் போனோம். என் இடுப்பில் ஜாடி, அதன் வாயில் துணி கட்டியிருந்தது. மூத்தார் தம்பிக்குச் சோறு கொண்டுவந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னா, பாத்துட்டு வந்தாச்சா?" என்றார்.

ஜாடியை இறக்கி வைத்தேன். பாஞ்சாலை அப்பாவிடம் போய், "காலக் காட்டுப்பா" என்றாள். அவர் நெருப்பு வாயை விட்டு இரண்டு எட்டுத் தள்ளி வந்து நின்றார். அவளும் விருத்தகிரியும் ஜாடியைப் பிடித்துச் சாய்த்தார்கள். கொஞ்சமாக ஊற்றத்தான் பார்த்தார்கள். கோணிப்போன வாய், மொத்தமும் ஒரே வீச்சில் பாய்ந்தது. அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடி, மூத்தார் நிற்கிற இடம்வரை போனது. மூத்தார் துள்ளிப் பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க பெரிப்பா," என்றாள் தனக்கோடி, "கடலுதான்."

என் வீட்டுக்காரர் குனிந்து, பாதத்தில் வடிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

சூளையடிச் செங்கல் தரை எப்போதும் கொதிக்கிற தரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் காய்ந்து, அது போய் நின்ற ஓரமெல்லாம் வெள்ளையாக ஓர் உப்புக் கோடு வளைந்து கிடந்தது. மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது அவர் தரையைப் பெருக்கி முடித்திருந்தார். கரியும் சாம்பலும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அந்தக் கோட்டின்மேல் மட்டும் விளக்குமாறு படவில்லை.