இடது பக்கம் அடிக்கும் துப்பாக்கி

திருகின் தலை மழுங்கத் தொடங்கியிருந்தது. வெண்டெலின் கையை எடுத்துவிட்டான். இன்னொரு முறை வழுக்கினால் திருப்புளிக்குப் பிடிமானம் இருக்காது. மாதா கோயிலில் பூசை முடிந்து மணி அடித்ததும் திருவிழாக் கூட்டம் இங்கே வந்துவிடும்.

காகித ரோஜாவைச் சுட்டு வீழ்த்தினால் அதையே பரிசாகத் தரும் திருவிழாக் கடை அது. அதன் பலகைமேல் அந்தப் பழைய காற்றுத் துப்பாக்கி கிடந்தது. குறிபார்க்கும் முள்ளைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகு துருவேறி இறுகி வருஷக்கணக்காகிறது. குண்டு எப்போதும் இடது பக்கமே போகும். அப்படியிருந்தும் போன ஊரில் ஜனங்கள் பாதி காகித ரோஜாக்களைச் சுட்டு வீழ்த்தி எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து முதலாளி குபிச்செக் இவனிடம் சரியாக முகம் கொடுப்பதில்லை.

"என்னய்யா தடவிக்கிட்டே இருக்க? கல்யாணப் பொண்ணா அது?"

"அவசரப்பட்டா தலை முறிஞ்சிடும் மொதலாளி."

"முறிஞ்சா அப்படியே பஸ் ஏறிடு."

சூடேற்றிய கம்பியைத் திருகின்மேல் வைத்துப் பிடித்தான். எண்ணெய் புகைந்தது. ஆறவிட்டு, கழற்றும் பக்கம் போகாமல் முதலில் மயிரிழை இறுக்கினான். 'டிக்' என்றது. மூச்சை அடக்கி மறுபக்கம் திருப்பினான். நகர்ந்தது.

குறிமுள்ளை நேராக்கிச் சுட்டான். வைக்கோல் தண்டு முறிந்து சிவப்பு ரோஜா ஒன்று விழுந்தது. இந்தத் துப்பாக்கி நேராகச் சுட்டு அவன் பார்த்ததே இல்லை. குபிச்செக்கும் வாங்கி ஒன்றை வீழ்த்தினார்.

"சபாஷ். இப்ப குண்டு வலப்பக்கம் போற மாதிரி தள்ளு."

"நேராத்தானே இருக்கு?"

"நேராக்கவா கழட்டச் சொன்னேன்? இடது பக்கம் போகுதுன்னு ஊரு பூராத் தெரிஞ்சுபோச்சு. எவன் சொன்னான்னு நான் கேக்கல. தள்ளு. இன்னும். இன்னும்... போதும்."

திருகு இப்போது விரலுக்கே சுழன்றது.

மணி அடித்தது. முதலில் வந்தவள் ஹெட்விகா. செங்கல் சூளையை மூடிய பிறகு கோழி உரிக்கும் ஆலைக்குப் போகிறாள்; விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. ரெண்டு விரக்கடை வலப்பக்கம் வைத்துச் சுடு என்று முன்னொரு திருவிழாவில் அவள் காதில் சொன்னவன் வெண்டெலின்தான்.

"அண்ணே, நம்ம துப்பாக்கியக் குடு. ரோஜா இல்லாம போனா, திருவிழாவே நடக்கலேம்பா எங்கம்மா. படுக்கையில இருந்தாலும் வாய் மட்டும் குறையல."

கண்ணடித்துவிட்டுச் சுட்டாள். ரோஜா அசையவில்லை. பின்னால் தொங்கிய கறுப்புத் துணி குண்டை விழுங்கிக்கொண்டது.

"என்னண்ணே ஆச்சு இதுக்கு?"

குபிச்செக் கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வெண்டெலின் துப்பாக்கியை மடக்கி அடுத்த குண்டைப் போட்டான்.

அதுவும் போயிற்று. ஹெட்விகா கைப்பையின் அடியைத் துழாவிக் கடைசி நாணயத்தைப் பலகையில் வைத்தாள்.

"இன்னும் தள்ளி வைக்கணுமோ?"

அவன் கைத்துணியில் விரல்களைத் துடைத்தான். எண்ணெய் போகவில்லை.

"சரி, நானே பாத்துக்கறேன்," என்று கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தாள். துப்பாக்கியின் முனை ரோஜாவை விட்டு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது.